தோள் நோவும் அதன் பெயர்களும்

தோள்வலி என்னும் தொடர் பழந்தமிழ் நூல்களில் வருமிடத்து அஃது ஆற்றலைக் குறிக்கும். இன்று மருத்துவமனை வாயிலில் நிற்கும் ஒருவர் அதே தொடரைச் சொல்வாராயின் அது துன்பத்தைக் குறிக்கும். வலி என்பது வன்மை என்னும் பொருளிலிருந்து நோவு என்னும் பொருளுக்கு நகர்ந்தமை தமிழ்ச் சொல் வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. ஈண்டு நாம் கருதுவது வேறொன்று. நேற்று வரை தலைக்கு மேலே உயர்ந்த கை இன்று காதளவும் உயராமல் நின்றுவிடுகிறது. இரவில் அப்பக்கமாகச் சாய்ந்து படுக்க முடிவதில்லை. சட்டையின் கைக்குள் கையை நுழைப்பதும் அரிதாகிறது. இந்நிலைக்கு மாந்தர் பல நாடுகளில் பல காலங்களில் இட்ட பெயர்கள் யாவை, அப்பெயர்கள் எதனைக் கண்டன, எதனைக் காணாமல் மறைத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். மருத்துவம் கற்பிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் பழைய நோய்ப்பெயர்களை இக்கால நோய்ப்பெயர்களோடு ஒன்றெனக் கொண்டு அகராதியிலும் ஆய்வேட்டிலும் எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே பெருகி வருதலின், ஒரு நோயை எடுத்து அதன் பெயர் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவது தமிழாராய்ச்சியாளர்க்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

முதற்கண் உறுப்பின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அகப்பாடல்களில் தோளுக்கு மூங்கில் உவமையாவதை நோக்கின், பழந்தமிழர் தோள் என்றது மேற்கை முழுவதையும் சேர்த்தே என்பது புலனாகும். மருத்துவர் தோள் எனக் கருதுவது மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோட்பட்டை எலும்பின் ஆழமில்லாக் குழியில் பொருந்தும் மூட்டினை. இடுப்பு மூட்டில் உருண்டை ஆழ்ந்த கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். தோளிலோ பெரிய உருண்டை சிறிய தட்டொன்றின்மேல் நிற்பது போலாம். கை எல்லாப் பக்கமும் சுழல்வதும் எளிதில் மூட்டு நழுவுவதும் இந்த ஓர் அமைப்பின் இருவேறு விளைவுகளே. மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை. அவ்வுறையின்மேல் நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றுசேர்ந்து அமைந்த கவசம். அதற்கு மேலே வழுவழுப்பான சிறு பை. அப்பைக்கும் மேலே கூரை போல் நீண்ட தோட்பட்டை எலும்பின் முகடு. எலும்பு, உறை, நாண், பை, இவற்றை இயக்கும் நரம்பு ஆகியவற்றுள் எது கெட்டாலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: தோள் வலிக்கிறது, கை எழவில்லை. இதனாலேயே பெயர்க்குழப்பம் தொடங்குகிறது.

பழைய நூல்கள்

மூட்டு நழுவுதல் கண்ணுக்குத் தெரியும் நோய். ஆதலின் மிகப் பழைய சான்றுகள் அதனைப் பற்றியனவே. எகிப்து நாட்டில் தேர் எல்-மதீனா என்னுமிடத்தில் இரண்டாம் இராம்சே மன்னன் காலத்தவனாகிய இப்பூய் என்பவனது கல்லறை உண்டு. கி. மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் சுவரோவியத்தில் தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். ஒருவனுக்குக் கண்ணில் மருந்திடுகின்றனர். மற்றொருவனது கையைப் பிடித்து ஒருவன் மடக்கித் திருப்புகின்றான். இது நழுவிய தோளைப் பொருத்தும் காட்சி எனவும், 1870இல் கோகர் என்னும் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் வெளியிட்ட முறையை ஒத்தது எனவும் பிற்கால அறிஞர் சிலர் கூறினர். ஓவியத்தின் கீழ் விளக்கம் ஏதும் எழுதப்படாமையின் இதனை ஏற்புடைய ஊகம் என்ற அளவிலேயே கொள்ளலாம்.

கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகளைப் பற்றிய நூல் தோளிலிருந்தே தொடங்குகிறது. மூட்டு அக்குளின் பக்கமாக நழுவுவதையே தாம் கண்டதாகவும், முன்பக்கமாக நழுவும் எனப் பிற மருத்துவர் சொல்வது உடல் மெலிந்தவரின் எலும்புப் புடைப்பைக் கண்டு மயங்கியதன் விளைவு எனவும் அந்நூலாசிரியர் கூறுகின்றார். இவ்வாறு மறுத்ததனால் தமக்குப் பெயர் கெட்டது என்றும் குறித்துள்ளார். இன்றைய அறிவின்படி முன்பக்க நழுவலே மிகுதி. ஆகவே அவர் மறுத்தது பொருந்தாது. எனினும் தாம் கண்டதை மட்டுமே எழுதுவேன் என நின்ற அவ்வுறுதி மதிக்கத்தக்கது. நழுவிய மூட்டைப் பொருத்த அவர் கூறும் வழிகளுள் குதிகாலை அக்குளில் ஊன்றி இழுப்பது ஒன்று. துணி சுற்றிய உலக்கையை அக்குளில் கொடுத்துப் பொருத்துவது மற்றொன்று.

உலக்கை நம் நாட்டு நூலிலும் வருகின்றது. சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில், தோள் மூட்டுப் பிரிந்த விடத்து அக்குளை உலக்கையால் உயர்த்திப் பொருத்தி, பின் சுவத்திகக் கட்டுக் கட்டுக எனக் கூறப்பட்டுள்ளது. இவ்வொற்றுமையைக் கண்ட மாத்திரத்தில் கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று வழக்காடத் தொடங்குதல் வேண்டா. உலக்கை எல்லா வீட்டிலும் இருந்தது. அக்குள் எல்லா மனிதர்க்கும் ஒரே வடிவினது. இருவேறு நாட்டார் ஒரே கருவியை எடுத்திருக்க இதற்குமேல் காரணம் தேவையில்லை.

நழுவாமலே இறுகிப்போகும் தோள் எங்கே சொல்லப்படுகிறது? சுசுருதர் நிதானப் பகுதியில் வாத நோய்களைக் கூறுமிடத்து, தோளில் நின்ற வாயு அங்குள்ள பிணைப்பை உலர்த்தும் என்றும், நாளங்களைச் சுருக்கி அவபாகுகம் என்னும் நோயை உண்டாக்கும் என்றும் கூறுகின்றார். வாக்படர் இன்னும் தெளிவாக, தோளின் அடியில் நின்ற வாயு நாளங்களைச் சுருக்கிக் கையின் அசைவைக் கவர்ந்துகொள்வதே அவபாகுகம் என்கின்றார். மாதவநிதானத்திற்கு எழுந்த மதுகோசம் என்னும் உரையோ, உலர்தலும் சுருங்குதலும் ஒரு நோயல்ல, இரண்டு நோய்கள் எனப் பிரிக்கின்றது: உலர்வது அம்சசோடம், அசைவு கெடுவது அவபாகுகம். உரையாசிரியர் இங்கே செய்தது நுட்பமான செயல். தசை வற்றி மெலிதலும் மூட்டு இறுகுதலும் வேறு வேறு என்பதை அவர்கள் உணர்ந்தமைக்கு இஃது அறிகுறி. அசைவு கெடுதல் என்ற ஒன்றைக்கொண்டு அவபாகுகத்தை மூட்டுறை இறுகும் நோய் என்று மட்டும் மொழிபெயர்ப்பது பொருந்துமா? நாண் அறுந்தாலும் நரம்பு செயலற்றாலும் கையின் அசைவு கவரப்படும். அவபாகுகம் என்பது ஒரு நோயின் பெயர் என்பதைவிட ஒரு நிலையின் பெயர் எனக் கொள்வதே நேரிது.

தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களுள் யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய் எண்பது எனத் தொகுத்துக் கூறும். அவற்றுள் கும்பவாதம் என்பது தோளிலும் கையிலும் நோவு தோன்றும் நோயாகச் சொல்லப்படுகின்றது. இக்காலச் சித்த மருத்துவ ஆய்வேடுகள் பல கும்பவாதத்தைத் தோள் மூட்டு இறுகும் நோயோடு ஒன்றாக வைக்கின்றன. ஆயின் நூலில் தோள் நோவோடு கன்னத்திலும் கண்ணிலும் எரிவு முதலான வேறு குறிகளும் சேர்த்தே கூறப்பட்டுள்ளன. இறுகிய தோளுக்கும் கண் எரிவுக்கும் இக்கால மருத்துவத்தில் தொடர்பில்லை. பொருந்தும் குறியை எடுத்துக்கொண்டு பொருந்தாக் குறியை விட்டுவிடுதல் பதிப்பாசிரியன் பாடலின் ஓரடியை மட்டும் கொண்டு பொருள் உரைப்பதை ஒக்கும். கும்பவாதம் அந்நூலின் நோய்ப்பகுப்பில் அதற்குரிய இடத்தில் நிற்கிறது. அதனை அங்கிருந்து பெயர்த்து வேறொரு பகுப்பினுள் வைத்தால் இரண்டு பகுப்புமே சிதையும்.

இவ்விடத்துச் சப்பானியர் வழக்கொன்று நினைவிற்கு வருகின்றது. எதோ காலத்தில் ஓட்டா சென்சாய் என்னும் அறிஞர் நாட்டுப்புறச் சொற்களைத் தொகுத்து ரிகென் சூரான் என்னும் அகராதியை ஆக்கினார். ஐம்பது வயதளவில் கையும் மூட்டும் நோவதுண்டு, சில காலம் சென்றால் மருந்தின்றியே நீங்கும், இதனை மக்கள் ஐம்பது தோள் என்பர், நெடுவாழ்வு நோய் என்றும் சொல்வர் என்பது அவர் தரும் செய்தியின் சுருக்கம். ஐம்பது வயது வரை வாழ்ந்தவரே இந்நோயைக் காண்பர் என்னும் எள்ளல் கலந்த மகிழ்ச்சி அப்பெயரில் உள்ளது. ஐம்பது தோள் என்னும் பெயர் சப்பானில் இன்றும் வழக்கில் இருக்கின்றது. நோயின் காரணம் இன்னது என்று அப்பெயர் சொல்லவில்லை. வரும் வயதைச் சொல்லுகிறது. அகராதியின் குறிப்பு தானே நீங்கும் போக்கினையும் சேர்த்துச் சொல்லுகிறது. ஐரோப்பிய மருத்துவர் இவ்விரண்டையும் தெளிவாக எழுதி வைப்பதற்கு இன்னும் நெடுங்காலம் செல்ல வேண்டியிருந்தது. படித்தவர் இட்ட பெயர்களைக் காட்டிலும் இந்நாட்டுப்புறப் பெயர் உண்மைக்கு அணித்தாக இருந்தது எனச் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

பாரிசும் பாஸ்டனும்

18ஆம் நூற்றாண்டில் பிணத்தை அறுத்து ஆராய்ந்தோர் தோளின் உட்புறத்தைக் காணத் தொடங்கினர். எடின்பரோ நகரத்து இரண்டாம் அலெக்சாந்தர் மன்றோ 1788இல் உடலின் சவ்வுப்பைகளைப் பற்றி எழுதிய நூலில், தோளின் நாண் கிழிந்து துளைபட்டிருந்ததைக் குறித்தார். 1834இல் ஜே. ஜி. ஸ்மித் என்பார் இத்தகைய கிழிசல் ஏழினை இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்தார். இவ்விரு செய்திகளும் அக்காலத்தில் எவர் கருத்தையும் ஈர்த்ததாகத் தெரியவில்லை. அறுவை மேசையில் கிடந்த பிணத்தின் கிழிந்த நாணையும் வெளியே கை தூக்க முடியாமல் வருந்திய மனிதனையும் இணைத்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை.

1872இல் பாரிசு நகரத்து சிமோன் எம்மானுவேல் டூப்ளே (1836-1924) ஒரு கட்டுரை வெளியிட்டார். தோள் இறுகும் நோய்கள் யாவும் மூட்டழற்சி என்றே அதுவரை எண்ணப்பட்டன. டூப்ளே, மூட்டு நன்றாகவே இருக்கிறது, அதனைச் சூழ்ந்த பகுதிகளே, சிறப்பாக முகட்டின் கீழுள்ள பையே, அழன்று ஒட்டிக்கொள்கின்றன என்றார். அதனால் அவர் இட்ட பெயர் தோள் மூட்டுச் சூழ் அழற்சி என்னும் பொருளது. மூட்டுக்கு உள்ளே, மூட்டுக்கு வெளியே எனக் கோடு கிழித்தது பெரிய முன்னேற்றம். மயக்கமருந்து கொடுத்துக் கையை வலிந்து அசைத்து ஒட்டினை விடுவிப்பதே அவர் கூறிய மருத்துவம். ஆனால் அப்பெயர் வெளியிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பையிற் போட்டுக் கட்டிவிட்டது. அடுத்த அறுபது ஆண்டுகளில் தோளில் வரும் எந்த நோவுக்கும் அப்பெயரைச் சொல்லிவிட்டு மருத்துவர் அமைதியடைந்தனர். நம் ஊர்களில் வாயுப் பிடிப்பு என்பது செய்யும் வேலையைத்தான் அங்கே அந்தக் கிரேக்கச் சொல் செய்தது. ஒலி மட்டும் கனமானது.

1895இல் ரண்ட்கன் கண்ட புதிர்க்கதிர் இக்கட்டினை அவிழ்க்கத் தொடங்கியது. 1907இல் பெயின்டர் என்பார் கடும் நோவுடைய தோள்களின் கதிர்ப்படத்தில் சுண்ணப் படிவைக் கண்டு எழுதினார். அப்படிவு பையில் உள்ளது என முதலில் எண்ணினர். அது பையில் அன்று, அதன் கீழுள்ள நாணில் உள்ளது எனக் காட்டியவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மன் (1869-1940).

காட்மனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். தோள் நோயின் வரலாற்றை அவர் வாழ்க்கையிலிருந்து பிரிக்க இயலாது. அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்து, குணமாயிற்றா, இல்லையேல் ஏன் இல்லை என எழுதி வைத்து, அதனை ஊரறிய வெளியிடுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இறுதி விளைவுக் கொள்கை என்று அதற்குப் பெயரிட்டார். 1911இல் தாமே ஒரு சிறு மருத்துவமனையை நிறுவினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து சென்ற நோயாளியர் 337 பேருக்கு நேர்ந்த பிழைகள் 123 என எண்ணி அச்சிட்டார். மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மூப்பு நோக்கிப் பதவி உயர்வு தரும் முறையை எதிர்த்து 1914இல் பதவி துறந்தார். 1915 சனவரியில் தாம் தலைமை தாங்கிய மருத்துவர் கூட்டமொன்றில், மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டை இடும் தீக்கோழியின் படத்தைத் திரை நீக்கிக் காட்டினார். செல்வர் தரும் பொருளைப் பெற்றுக்கொண்டு விளைவை நோக்காத மருத்துவரையும் பல்கலைக்கழகத்தாரையும் அப்படம் எள்ளியது. விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே; தலைமைப் பதவியையும் ஆசிரியப் பணியையும் இழந்தார்.

இவ்வாறு தனித்து விடப்பட்ட அம்மனிதர் பல ஆண்டு உழைத்து 1934இல் தோள் என்னும் ஒரே சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பெருநூலைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அறுந்த நாணைத் தைத்துப் பொருத்தியமை பற்றி 1911இலேயே அவர் எழுதியிருந்தார். நூலில் நாண் கிழிதல், நாணில் சுண்ணம் படிதல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து நிறுத்தினார். இவ்வாறு காரணம் கண்டவற்றையெல்லாம் எடுத்தபின் எஞ்சியது ஒன்று. கதிர்ப்படத்தில் ஏதுமில்லை, அடிபட்டதும் இல்லை, மெல்லத் தொடங்கிய நோவு வளர்ந்து, கை எல்லாப் பக்கமும் இறுகிவிடுகிறது. இதற்கே உறைந்த தோள் என்று பெயரிட்டார். இதன் எல்லையோ காரணமோ மருந்தோ தமக்குத் தெளிவாகவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். பிழைகளை எண்ணி அச்சிட்ட கை அல்லவா! அறியாமையின் அடையாளமாக இட்ட பெயர் அது. பின்வந்தோர் அதனை அறிவின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, தோள் எழாத எவர்க்கும் வழங்கினர் என்பதை எண்ணின் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. காட்மன் 1940இல் இறந்தார். பாஸ்டனை அடுத்த மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் அவர் கிடந்த இடத்திற்குப் பெயர்க்கல் நாட்டப்பட்டது 2014இல்தான்.

1945இல் நெவியாசர் என்பார் இறுகிய தோள் பத்தினை அறுத்துப் பார்த்து, நோய் பையிலன்று, மூட்டுறையிலேயே உள்ளது, அவ்வுறை தடித்துச் சுருங்கி எலும்போடு ஒட்டியிருக்கிறது எனக் கண்டு, ஒட்டும் உறையழற்சி எனப் பெயரிட்டார். டூப்ளே கிழித்த கோடு இங்கே இடம் மாறியது. பின்னாளில் நுண்குழாய்க் கண்ணாடி வழியே மூட்டினுள் நோக்கியவர்கள் உறை தடித்திருப்பதைக் கண்டனர்; ஒட்டினைக் காணவில்லை. 1995இல் பங்கர், ஆந்தணி என்னும் இருவர், அங்கே நிகழ்வது உள்ளங்கை நார் சுருங்கி விரல் மடங்கும் நோயை ஒத்த நார்ப்பெருக்கம் எனத் திசு ஆய்வால் காட்டினர். ஆகவே ஒட்டும் என்பது பொருந்தா அடைமொழி. ஆயினும் அப்பெயர் இன்றும் பாடநூல்களில் நிலைத்துள்ளது. பெயர் ஒருமுறை வேர் விட்டால் பொருள் மாறினும் அது மாறுவதில்லை என்பதற்குச் சொல்லாராய்ச்சியாளர்க்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நீரிழிவு உடையார்க்கு இந்நோய் மிகுதி. 1972இல் பிரிட்ஜ்மன் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவுடையாருள் நூற்றுக்கு 10.8 பேர்க்கும் ஏனையோருள் நூற்றுக்கு 2.3 பேர்க்கும் இந்நோய் காணப்பட்டது. நோவு, இறுக்கம், தளர்வு என்னும் மூன்று நிலைகளைக் கடந்து செல்ல ஏறத்தாழ 30 திங்கள் ஆகும் என 1975இல் ரீவ்ஸ் கணக்கிட்டார். முழுதும் நீங்கும் என்னும் பழைய நம்பிக்கை 2008இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளரால் தளர்ந்தது, சராசரி 4.4 ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 41 பேர்க்கு நோவோ இறுக்கமோ சிறிதேனும் எஞ்சியிருந்தது. மயக்கமருந்து கொடுத்துக் கையை அசைத்தல், நுண்குழாய் வழியே உறையை அறுத்தல், உடற்பயிற்சி மருத்துவம் ஆகிய மூன்றனையும் 503 நோயாளியரிடம் ஒப்பிட்ட இங்கிலாந்து ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அவற்றுள் ஒன்று மற்றவற்றினும் குறிப்பிடத்தக்க அளவு மேலானது என அது காட்டவில்லை.

பெயருக்குள் அடங்காதவை

உறைந்த தோள் மெல்ல வருவது. ஒரே இரவில் கை எழாமற் போயின் வேறு காரணம் தேடுதல் வேண்டும். காட்மன் பிரித்துக் காட்டிய சுண்ணப்படிவு அவற்றுள் ஒன்று. கானடா நாட்டு ஊதாஃப் என்பாரும் அவர்தம் துணைவரும் 1976இல் எழுதியது நம் இயல்பான எண்ணத்துக்கு மாறானது. சுண்ணம் படியும் காலத்தில் நோவு குறைவு. உடல் அச்சுண்ணத்தை மீண்டும் கரைத்து நீக்கும் காலத்திலேயே பொறுக்கவொண்ணா நோவு எழுகின்றது என்பது அவர்கள் கருத்து. அஃதாவது நோயாளி துடிக்கும் நாளே நோய் நீங்கும் நாள். 1941இல் பாஸ்வொர்த் அலுவலகப் பணியாளர் 6,061 பேரின் தோள்களை ஆராய்ந்து, நூற்றுக்கு 2.7 பேரிடம் இப்படிவு இருக்கக் கண்டார். படிவுடைய யாவர்க்கும் நோவு இருந்ததில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படைவீரரிடம் காணப்பட்ட நோய் இன்னும் விந்தையானது. பார்சனேஜ், டர்னர் என்னும் இரு மருத்துவர் 1948இல் 136 பேரின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டனர். திடீரெனத் தோளில் கடும் நோவு தோன்றும். சில நாளிலோ வாரத்திலோ அது தணியும். தணியும்போது கையின் தசைகள் சில வலுவிழந்து மெலியத் தொடங்கும். வேறு நோய்க்காக மருத்துவமனையில் படுத்திருந்தோர் பலர்க்கு இது வந்தது. கெட்டது மூட்டன்று, நரம்பு. மதுகோச உரைகாரர் உலர்தலையும் அசைவிழத்தலையும் பிரித்தது ஈண்டு மீண்டும் நினைக்கத்தக்கது.

இவ்வேறுபாடுகளைப் பிரித்தறிய மருத்துவர் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளி தம் கையைத் தாமே உயர்த்த முயல்கிறார். பின் மருத்துவர் அதே கையைத் தாம் பிடித்து உயர்த்துகின்றார். தாமே உயர்த்த முடியாது, பிறர் உயர்த்தினால் எழும் என்றால் நாண் அறுந்திருக்கலாம், அல்லது நரம்பு கெட்டிருக்கலாம். எவர் உயர்த்தினும் எழாது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பவும் இயலாது என்றால் உறை இறுகியிருக்கலாம். இங்கும் ஓர் இடர் உண்டு. மூட்டு பின்பக்கமாக நழுவினாலும் முன்கை வெளியே திரும்பாது. வலிப்பு நோயால் இவ்வாறு நேர்ந்ததை ஆஸ்ட்லி கூப்பர் 1839இலேயே எழுதினார். நேர்முகமாக எடுத்த ஒரே கதிர்ப்படத்தில் இது தப்பிவிடும். வேறொரு கோணத்திலும் படம் எடுத்தால்தான் தெரியும். வலிப்புக்குப்பின் கை இறுகியவரை உறைந்த தோள் என்று சொல்லி அனுப்பினால், திங்கள் பல கழிந்தபின் அம்மூட்டினைப் பொருத்துவது அரிதாகும்.

தோளில் தோன்றினும் தோளுக்கு உரியதல்லாத நோவும் உண்டு. 1768இல் ஹெபர்டன் இலண்டனில் மார்பு நெரிப்பை விவரித்தபோது, அந்நோவு இடக்கைக்கும் பரவுவதைக் கூறினார். பித்தப்பையின் நோய் வலத்தோளின் உச்சியில் தோன்றும். மண்ணீரல் கிழிந்து குருதி கசிந்தால் இடத்தோள் நோகும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருதலே இதற்குக் காரணம். இந்நிலைகளில் கை தடையின்றி எழும். நோவு மட்டும் இருக்கும். நடக்கும்போது மூச்சுத் திணறலோடும் வியர்வையோடும் தோளில் எழும் நோவை வாயு என்று கூறிச் சுக்குக் கசாயம் கொடுத்துக் காலம் கடத்துவது உயிருக்கே கேடாய் முடியும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுடுமாயின் மூட்டினுள் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கும் நாள் பார்த்தல் ஆகாது. விழுந்தபின் கை எழாமற்போனாலும் அவ்வாறே; அறுந்த நாணைக் காலம் தாழ்த்தித் தைப்பது கடினம்.

மறுபக்கம் பெயரே தேவையற்ற அறுவைக்கு வழி காட்டியதும் உண்டு. 1972இல் சார்லசு நீர் என்பார், கையை உயர்த்தும்போது நாண் முகட்டெலும்பில் உரசி இடிபடுகிறது என்றும் முகட்டைச் சீவினால் நோவு நீங்கும் என்றும் கூறினார். இடிபடுதல் என்பது கண்முன் காட்சியாக நிற்கும் சொல். எவர்க்கும் எளிதில் விளங்கும். ஆயிரக்கணக்கான தோள்கள் சீவப்பட்டன. 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், முகட்டைச் சீவியவர்க்கும் உள்ளே நோக்கிவிட்டுச் சீவாமல் விட்டவர்க்கும் விளைவில் வேறுபாடு காணப்படவில்லை. விளங்குதல் எளிது என்பதனால் ஒரு பெயர் உண்மையாகிவிடாது.

தமிழில் வழங்க வேண்டிய சொல்

உறைந்த தோள் என்னும் மொழிபெயர்ப்பு இன்று செய்தித்தாள்களிலும் மருத்துவக் குறிப்புகளிலும் பரவிவிட்டது. காட்மன் வாழ்ந்த ஊரில் குளிர்காலத்தில் ஆறு உறையும், வேனிலில் உருகும். நோயின் மூன்றாம் நிலையை உருகுதல் என்று ஆங்கிலத்தில் சொல்வதும் இவ்வுவமையின் நீட்சியே. தமிழில் உறைதல் என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது பால் தயிராவதும் குருதி கட்டுவதும் ஆம்; இவை மீள்வன அல்ல. தோள் உறைந்துவிட்டது என்று கேட்ட நோயாளி இனி மீட்சி இல்லை என எண்ணி மனம் தளர்வது இச்சொல்லின் குற்றமே. நெய்யும் உறையும், உறைந்து உருகும் என்று ஒருவர் விடை கூறலாம். அவ்விடை ஏற்புடையதே, எனினும் சொல் தன் விளக்கத்தைத் தானே தரவேண்டும், உரையாசிரியரை உடன் அழைத்துச் செல்லுதல் ஆகாது.

மக்கள் வழக்கிலுள்ள தோள்பட்டைப் பிடிப்பு என்னும் தொடரை நாம் இழிவாகக் கருதத் தேவையில்லை. அது காரணம் கூறாது. நிலையை மட்டும் கூறும். பிடித்தது விடும் என்னும் குறிப்பும் அதனுள் உண்டு. எல்லாத் தோள் நோவுக்கும் பொதுப்பெயராக அது நிற்கலாம். மூட்டுறை தடித்துச் சுருங்கும் தனி நோய்க்கு மூட்டுறை இறுக்கம் என்பது பொருந்தும். நாண் கிழிவு, நாணில் சுண்ணப்படிவு, தோள் நரம்பழற்சி, பின்பக்க நழுவல் என்பனவற்றை அவ்வப்பெயராலேயே வழங்குதல் வேண்டும். கும்பவாதம், அவபாகுகம் என்னும் சொற்கள் அகராதியில் இடம்பெறுங்கால், அந்தந்த நூல் கூறும் குறிகள் அனைத்தையும் முதலிற் தந்து, இக்கால மருத்துவர் சிலர் இன்ன நோயோடு ஒப்பிடுவர் என்பதைத் தனி வரியில் எழுதுதல் முறை. யூகி வைத்திய சிந்தாமணியின் ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுக் கும்பவாதப் பாடலின் பாடவேறுபாடுகளைத் தொகுப்பது நம் துறை மாணவர் எவரேனும் மேற்கொள்ளத்தக்க பணி. கண் எரிவைக் கூறும் பகுதி எல்லாப் பிரதிகளிலும் உள்ளதா என்பதை முதலில் நோக்குதல் நன்று.